ஐந்தாவது நாற்காலி

எண்ணிக்கையில் சத்யப்பிரியாவை ஏமாற்ற முடியாது என்று கம்பெனியில் அவளுக்குப் பேர். அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். கட்டி வைத்த பண்டிலில் ஒரு பீஸ் குறைந்தால், அவிழ்க்காமல் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு ஆட்களை எண்ணும்போது ஒருவரை விட்டுவிட்டாள்.

மண்ணரையில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்த வருஷம் அது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது போதும், டைனிங் டேபிள் வேண்டும் என்று பிள்ளைகள் தேவிப்பிரியாவும் குகனும் ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைகளில் போய்ப் பார்த்தால் எல்லாம் கல்யாண மண்டபத்தில் போடுகிற அளவு. இவர்கள் ஹாலில் பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் டிவி ஸ்டாண்டை நகர்த்த வேண்டும். சரி, இருக்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் செய்துகொள்ளலாம் என்று முடிவாயிற்று. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே பட்டறை போட்டிருக்கும் ஆசாரி முனீஸ் அளவெடுக்க வந்தார்.

டேப்பின் ஒரு முனை முனீஸ் கையில். மறுமுனையைச் சுவரோரம் குனிந்து பிடித்துக்கொண்டவள் மயிலாள். சத்யப்பிரியாவின் கணவன் வேல்குமாருக்கு அக்கா, இவளுக்கு நங்கையாள். கல்யாணம் கூடிவராமல் தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். ஒரு காலத்தில் அவளும் பனியன் கம்பெனிக்குப் போனவள்தான். கைமடி வேலை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுப்பதும் தைத்ததை வாங்கி மடித்து அடுக்குவதும். தேவிப்பிரியா பிறந்தபோது, "நீ வேலைக்குப் போ கண்ணு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டில் நின்றுகொண்டாள். அந்த ஒரு வார்த்தையால்தான் சத்யப்பிரியா சூப்பர்வைசர் ஆனாள். அது அவளுக்கும் தெரியும்.

"மொத்தம் எத்தன பேரு ஒக்காருவியக்கா?" என்று கேட்டார் முனீஸ்.

"நாலு பேருங்க" என்றாள் சத்யப்பிரியா.

யோசிக்கவே இல்லை. கம்பெனியில் ஒரு லைனில் எத்தனை பேர் என்று கேட்டால், மிஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லர்களைத்தான் சொல்வாள். பக்கத்தில் நிற்கும் கைமடிகளைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் அங்கே இல்லை. பத்து வருஷம் அப்படி எண்ணிப் பழகிய வாய். வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் மயிலாள் உட்கார்ந்து யார் பார்த்தது? எல்லோருக்கும் போட்டு முடித்த பிறகு, அடுப்படியில் ஒரு மூலையில் தட்டை வைத்து ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். முனீஸ் நோட்டில் நாலு என்று எழுதிக்கொண்டார். மயிலாள் டேப்பை விடாமல் பிடித்திருந்தாள்.

மூன்று வாரத்தில் டேபிள் வந்து இறங்கியது. நல்ல தேக்கு. காலை இட்லிக்கு நாலு பேரும் நாலு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மயிலாள் இட்லிச் சட்டியோடு வந்து சத்யப்பிரியாவின் வலது தோளோரம் நின்றாள். மிஷினுக்குப் பக்கத்தில் கைமடி நிற்கிற அதே இடம். சத்யப்பிரியா நாற்காலிகளை எண்ணிப் பார்த்தாள். ஐயோ, நாலு என்றா சொன்னேன்? நங்கை டேப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாரே!

"நங்கை, நீங்க வந்து உக்காருங்க" என்று பதறி எழுந்தாள்.

"நீ சாப்புடு கண்ணு. கம்பெனி வண்டி வந்துரும்" என்று அவள் தட்டில் இன்னும் ஒரு இட்லியை வைத்தாள் மயிலாள்.

ரெண்டு நாள் கழித்து மயிலாள் பையை எடுத்து வைத்தாள். "ஊத்துக்குளி மாமன் ஊட்டுல ஒரு பத்து நாள் இருந்துட்டு வர்றேன் சத்யா." தேவிப்பிரியா பிறந்த பிறகு இந்தப் பதினாலு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியவள் இல்லை. இனி வரமாட்டாள் என்று சத்யப்பிரியாவுக்குத் தீர்மானமாகப் பட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுடையது முள் வைத்துக் குத்தியது. "போனவ வரமாட்டாளா? அதுக்கேன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்று வேல்குமார் கேட்டான்.

மறுநாளே சத்யப்பிரியா முனீஸின் பட்டறைக்குப் போனாள். "அதே மாதிரி இன்னொரு நாற்காலி வேணுங்க."

"விருந்தாளுக வந்தா போடவாக்கா?"

கன்னத்தில் அறை விழுந்தாற்போல் இருந்தது. "இல்லீங்க. ஊட்டு ஆளுக்குத்தானுங்க."

"அன்னைக்கு நாலுன்னுதானக்கா சொன்னிய?" முனீஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அஞ்சாவதப் போட்டா அடுப்படிக்குப் போற வழிய மறிக்குமேக்கா."

"மறிக்கட்டுமுங்க. அதுல நான் உக்காந்துக்கறேன்."

நாற்காலி வந்துவிட்டது; மயிலாள் வரவில்லை. பத்து நாள் போயிற்று. பதினோராம் நாளும் போயிற்று. போன் செய்து கூப்பிட சத்யப்பிரியாவுக்கு முகம் இல்லை. பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு தூக்குப்போசி நிறைய ஊத்துக்குளி வெண்ணெயோடு மயிலாள் படியேறினாள். "வெண்ணெய்க்குச் சொல்லி வெச்சிருந்தேன் கண்ணு. அது கெடைக்க ரெண்டு நாள் தள்ளிப்போச்சு." வந்த கையோடு சேலையைச் செருகிக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டாள்.

கல்லில் ஒரு தோசையை ஊற்றிவிட்டு அவள் தட்டெடுக்க வெளியே வந்தபோது, சத்யப்பிரியா கையைப் பிடித்து இழுத்துத் தன்னுடைய பழைய இடத்தில் உட்காரவைத்தாள். பிறகு ஐந்தாவது நாற்காலியை அடுப்படி வழியில் போட்டு அதில் தான் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தாள்; வாயைத் திறந்ததும் அழுகைதான் முதலில் வந்தது.

"அன்னிக்கு ஆசாரி கேட்டப்ப உங்கள உட்டுட்டு எண்ணிப்போட்டனுங்க நங்கை. உங்க காதுல உழுந்திருக்கும். அதுக்குத்தான் ஊத்துக்குளி போனீங்களா?"

மயிலாளுக்கு முதலில் எதைச் சொல்கிறாள் என்றே புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டாள்.

"அட, இதுக்கா அழுவற? மாமனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு போனேன். நானுந்தான் டேப்பப் புடிச்சுட்டே மனசுல எண்ணிப் பாத்தேன். எனக்கும் நாலுதானே வந்துச்சு."

சத்யப்பிரியாவுக்கு அழுகை நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டு போயிருந்தால் காலில் விழுந்தாவது தீர்த்திருக்கலாம். தன்னையே எண்ணாமல் விடுவதற்கு இவரை யார் பழக்கியது? கம்பெனி பாதி பழக்கியது என்றால், மீதி பழக்கியது இந்த வீடுதான். பதினாலு வருஷம் அவர் கையால் வாங்கித் தின்ற நான்தான்.

அடுப்படியிலிருந்து கருகல் வாசம் வந்தது. மயிலாள் பரபரவென்று எழுந்தாள்.

"கொஞ்சம் நகுந்துக்க கண்ணு, தோசை தீயுது பாரு."

சத்யப்பிரியா நகரவில்லை. "தீயட்டும், நீங்க உக்காருங்க" என்று வழியை அடைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.