வடைக்கடைத் தெருவில் காருக்குத் தடை

அடுத்தவர் காரை ஓட்டுகிற சகோதரர்களே, சொந்தக் கால் இருப்பதையே மறக்கடிக்கும் உத்தியோகம் நம்முடையது.

குறுக்கே ஒரு மூங்கில்

பிரிக்பீல்ட்ஸ் தெருவில் சனிக்கிழமை கூடும் சந்தையில், எங்கள் பேச்சில் பாசாரில், காமாட்சி வடை போடுவாள். நான் டாக்டர் ஐயாவின் காரை அவள் கடை வாசலில் நிறுத்தி, இரண்டு தடவை ஹாரனை அமுக்குவேன். வடையை இலையில் மடித்துக் கார் கதவுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். தெருவே பார்க்கும். எனக்குத் தலைகால் புரியாது. கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவளிடம் சொல்லத்தான் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கார் தொல்லையால் பெண்டு பிள்ளைகள் நடக்க முடியவில்லை என்று, பாசார் நேரத்தில் அங்கே கார் நுழையக் கூடாதென்று உத்தரவு போட்டுவிட்டார்கள். தெரு முனையில் குறுக்கே ஒரு மூங்கில். அதற்குக் காவல் முனியாண்டி என்று ஒருவன். கையில் சிவப்புக் கொடி, காலில் செருப்புகூடக் கிடையாது. இது யாருடைய கார் தெரியுமா என்று அதட்டினேன். அவன் அசையவில்லை.

"யாரு காரா இருந்தா என்னண்ணே, தடை காருக்குத்தான். நீங்க எறங்கி நடந்து போங்களேன்."

அவன் கையில் பொட்டலம்

தொப்பியும் கோட்டும் போட்ட டிரைவர் கூட்டத்தில் இடிபட்டு நடந்தால் மரியாதை என்ன ஆவது? மூங்கிலுக்கு இந்தப் பக்கமே நின்று ஹாரனை அமுக்கினேன், அமுக்கினேன், கை வலித்ததுதான் மிச்சம். காமாட்சி வந்தாள், வடைப் பொட்டலமும் தேத்தண்ணியுமாக. நேரே முனியாண்டியிடம் போனாள். நின்று பேசினாள். சிரிக்க வேறு செய்தாள். ஒரு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் சிரித்ததே இல்லை ஐயா! அவள் போனதும் அந்தப் பாவி பொட்டலத்தை என்னிடம் நீட்டினான்.

"நெறய குடுத்துட்டாங்கண்ணே, நீங்களும் ஒன்னு எடுத்துக்குங்க."

டாக்டர் ஐயா இறங்கினார்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் வேலைக்கு உலை வைக்காமல் விடுவதில்லை என்று, அடுத்த சனிக்கிழமை டாக்டர் ஐயாவையும் அம்மாவையும் ஏதோ சாக்குச் சொல்லி அந்த வழியே கூட்டிவந்தேன். உங்கள் காரையே மதிக்காத பயல், மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று தூபம் போட்டேன். ஐயா இறங்கினார். அவன் சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று பார்த்தால், மூங்கிலுக்கடியில் குனிந்து உள்ளே போய்விட்டார். அம்மா பூ வாங்கினார்கள். இரண்டு பேரும் கடை கடையாக வேடிக்கை பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்கள்.

"இனிமே சனிக்கிழமைன்னா இங்கயே நிப்பாட்டிடுப்பா. நாங்க நடந்துக்கிறோம். அந்தக் காவக்காரன் ரொம்ப நல்லவன்."

கடைசியில் நானும்

இனியும் பொறுத்தால் காரியம் கெட்டுவிடும் என்று, லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை வேட்டி சட்டையோடு நடந்தே போனேன். அவள் கடை முன்னால் நின்று, என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று நாக்குக் குழறக் கேட்டேவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். போன வாரம்தான் முனியாண்டிக்குச் சம்மதம் சொன்னாளாம். அப்படி அவனிடம் என்னத்தைக் கண்டாய் என்று கேட்டேன். வயிறு எரிகிறவன் வேறு என்ன கேட்பான்?

"பாசார் முடிஞ்சதும் அவரு கடைக்கு வந்து உக்காந்து பேசுவாரு. நீங்க ஒரு வருஷமா ஹாரன்தானே அடிச்சீங்க, அண்ணே."

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் ஐயாவை மூங்கிலடியில் இறக்கிவிட்டு, முனியாண்டி பெண்டாட்டி சுட்ட வடையை அவன் கையாலேயே வாங்கித் தின்றுகொண்டு காருக்குக் காவல் இருக்கிறேன். நாசமாய்ப் போக, நன்றாகத்தான் சுடுகிறாள்.