மாடியறை ஓநாய்

பெற்றோல் மணமும் திருநீற்று மணமும் ஒன்றாகப் படியேறினால் காலை ஏழு மணி, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்துத் தவம் மாமா வந்துவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த வால்தம்ஸ்டோவில், எங்கள் வீட்டு மாடியிலிருந்த சின்ன அறையில், "பொக்ஸ் ரூம்" என்போம், வாடகைக்கு இருந்தவர். உறவில்லை, ஆனாலும் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முழுநிலவில் ஓநாயாக மாறும் மனிதனைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் எடுத்த "வேர்வூல்ஃப்" புத்தகம் தலைமாட்டிலேயே கிடந்தது. அந்தச் சொல்லின் முன்பாதிக்குப் பழைய ஆங்கிலத்தில் மனிதன் என்றே பொருள் என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. நான் ஓநாய் என்ற பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அதற்குத் தமிழில் என்ன என்று அப்பாவைக் கேட்டால், "யாழ்ப்பாணத்தில ஓநாயே இல்லை, பிறகெங்க அதுக்குப் பேர்? எங்களுக்கு மாரீசன் மானானதுதான் தெரியும்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

தவம் மாமாவின் தாடி நெஞ்சுவரை இறங்கியிருந்தது, பகலெல்லாம் தூங்கினார், தமிழ்க் கலண்டரில் மாதாமாதம் "பறுவம்" வரும் நாளுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, அந்த முழுநிலவு நாளில் சாப்பிடாமல் கதவைப் பூட்டிக்கொண்டார். எனக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அது விரதம் என்றோ, ஊரிலிருக்கும் மனைவிக்கு விசா கிடைக்கும்வரை தாடி எடுப்பதில்லை என்று ஆர்ச்வே கோயில் முருகனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார் என்றோ யாரும் எனக்குச் சொல்லவில்லை. கழிப்பறையோ அவர் அறைக்குப் பக்கத்தில். இரண்டு நாள் மாடிப்பக்கமே போகாமல் அடக்கிக்கொண்டிருந்து காய்ச்சலில் விழுந்தேன். அம்மா துருவித் துருவிக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டினேன். தவம் மாமா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மழித்த முகத்தோடு, தாடையில் ஒரு கீறலோடு, என் கட்டிலருகே வந்தார். "பார் பிள்ளை, மனிசன்தான்."

அம்மா பதறிப்போனார். "நேர்த்தியை முறிச்சுப்போட்டீரே தம்பி."

"முருகனே பிள்ளைதானே அக்கா. அவருக்கு விளங்கும்."

விளங்கியதாகத் தெரியவில்லை. அந்த மாதமே விசா மறுக்கப்பட்டது. நேர்த்தியை முறித்ததால்தான் என்று கோயிலில் பெண்கள் குசுகுசுத்தது என் காதிலும் விழுந்தது. மனைவி வந்து சேர இன்னும் மூன்று வருடம் பிடித்தது. அத்தனை நாளும் அவர் தாடியை வளரவிடவேயில்லை, நான் பயந்துவிடுவேனாம். நானோ அடுத்த மாதமே டைனோசருக்குத் தாவியிருந்தேன்.

அந்த வீடு இப்போது வேறு யாருடையதோ. அறையை வாடகைக்கு விட்டு, இருக்க வந்தவரையே மாமாவாக்கிக்கொள்ளும் வழக்கமும் எங்களோடு நின்றுவிட்டது. சென்ற மாதம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, இத்தனை காலம் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன்.

"மாமா, அண்டைக்கு நீங்கள் தாடி எடுத்தது என்னாலதானே. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எந்தத் தாடி பிள்ளை?" என்றார், தாடையில் அன்று கீறல் விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டே.

அந்த மூன்று வருடமும் ஊரில் காத்திருந்த மாமி அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.