ஈட்டுக்கு ஒரு பஜ்ஜி

பஜ்ஜிக் கடை அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்குப் பசியே வேண்டியதில்லை, கை தானாக வாய்க்குப் போகும். வாயை அடக்க முடியாமல் அவதிப்படுகிற என் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருபுவனை கம்பெனிகளுக்குப் போகிற வழியில் என் கடை. படிப்பு இல்லை. பேரம் பேசியே பிழைத்தவன். கோபம் மட்டும் தாராளம்.

செல்வி வந்தாள்

மூட்டை தூக்குகிற வேலு, ஷிப்ட் முடிந்ததும் ஆறு பஜ்ஜி தின்பார். அப்புறம் "இன்னும் ரெண்டு" என்பார். ஒருநாள் அவர் மனைவி செல்வி வந்து, "அவருக்கு சுகர் ஏறிடுச்சிண்ணா, கால் விரல்ல புண்ணு ஆறல, இனிமே குடுக்காதீங்க" என்றாள். கடை முன்னால் கூட்டம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நானா ஊட்டி வுடுறேன்?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க ஊட்டலண்ணா. டாக்டரு வெரல எடுக்கணும்னு சொல்லிட்டா, அன்னிக்கி வந்து பாருங்க."

கருகின ஓரம்

மறுநாள் வேலுவுக்கு இல்லை என்றேன். முறைத்துவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து அவரோடு வேலை பார்க்கிற பாபு வந்து ஆறு கேட்டார். "ஓரம் நல்லா கருகணும்ணே, உதிர்ந்த தூளும் அள்ளிப் போடு." அப்படிக் கேட்கிற ஆள் என் கடையில் வேலு ஒருத்தர்தான். கரண்டியோடு ரோட்டைத் தாண்டினேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், ஒரு காலில் துணி சுற்றிக்கொண்டு வேலு. திட்ட வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதா? வேணாம் வேணாம்னுதான் வூட்டுலேர்ந்து கெளம்புறேன். வாசனை வந்தா காலு தானா திரும்புதுபா, இன்னா பண்ணச் சொல்ற?"

நர்சிடம் பேரம்

 அவரை வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று நர்ஸ் என் விரலிலும் குத்திப் பார்த்தார். எனக்கும் சுகர். "நான் பலகாரமே தின்ன மாட்டேம்மா" என்றேன். பொய்யில்லை. ஒவ்வொரு ஈடு பஜ்ஜி இறக்கும்போதும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு உப்புப் பார்ப்பேன். அது தொழில். அதைத் தின்பது என்று யார் சொல்வார்கள்? அதையும் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை ஈடு என்று கேட்டார். இருபது என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பத்துக்கு முடிச்சிக்கலாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, இது ஒடம்பு, கத்திரிக்கா இல்ல."

சுற்று வழி

ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேலுவைக் கூட்டிப் போனேன், என் கடை வாசனையே படாத சுற்று வழியில். உப்புப் பார்க்கிற வேலையை என் மனைவியிடம் கொடுத்தாயிற்று. ஆனாலும் அவள் திரும்புகிற நேரம் பார்த்து என் கை போய்விடும். ஒரு மாதம் கழித்து, விரலை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். வண்டியில் திரும்பும்போது வேலு, "இன்னிக்கி நீ எத்தன?" என்றார். மூன்று என்றேன்.

"அடப்பாவி, என்னைய பட்டினி போட்டுட்டு நீ மூணா?"

எத்தனையோ வியாபாரிகளை விலை இறக்க வைத்த நான், இப்போது என் நாக்கிடம் தினமும் பேரம் பேசுகிறேன், அது மட்டும் மூன்றுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.