கொப்பி நிறையச் சந்தோஷம்

கிண்ணியாவில் சட்டை தைத்துப் பிழைக்கும் லைலாவுக்கு வயது நாற்பத்தேழு. மூன்று மாதத்தில் நான்கு தடவை, "நான் மௌத்தாகப் போறன்" என்று ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தாள். நான்கு தடவையும் ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. அநியாயம்தானே! உயிர் போகிற மாதிரி வேர்த்துக் கொட்டுகிறது, கடதாசியில் ஒன்றுமில்லையாம்.

கடைசியில் மனநல கிளினிக்கிற்கு அனுப்பினார்கள். அங்கே தர்சிகா என்ற தாதி ஒரு கொப்பியைக் கையில் கொடுத்தாள்.

"இது மாரடைப்பில்லை அக்கா, பதகளிப்பு, மனசில வாற பதட்டம். வந்தால் மூச்சை மெல்ல மெல்ல விடுங்கோ. அதுக்கு முந்தி என்ன நடந்தது, மனசில என்ன இருந்தது எண்டு எழுதுங்கோ."

இரண்டு கிழமை கழித்து லைலா கொப்பியை நீட்டினாள். தர்சிகா வாசித்தாள்.

"மாப்பிள்ளை வீட்டார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சந்தோஷம். பிறகு நெஞ்சடைப்பு."

"வீட்டை மகளுக்கு எழுத நாள் குறித்தாயிற்று. சந்தோஷம். நெஞ்சடைப்பு."

"முன்னறையில் இருந்த என் தையல் மெஷினைப் பின்குசினிக்குத் தூக்கினார்கள். சந்தோஷம். நெஞ்சடைப்பு."

"சந்தோஷத்துக்கா அக்கா நெஞ்சடைக்குது?" என்று கேட்டாள் தர்சிகா.

லைலா கொப்பியைத் திருப்பி வாங்கிப் பார்த்தாள். மகள் கல்யாணம் முடித்தால் வீடு மகளுக்கு, தாய் பின்பக்கச் சமையலறைக்கு ஒதுங்குவாள். ஊர் வழமை அதுதான். யார் கேட்டாலும் சந்தோஷம் என்றுதான் சொல்லவேண்டும். வேறென்ன சொல்வது?

"கோவம், மிஸ்."

சொன்னது தன் வாய்தானா? பொத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையிலா கோபம்? யா அல்லாஹ்! அடுத்த நொடி இன்னொன்று நினைவில் வந்து ஆளையே உலுக்கியது.

"என்ட உம்மாவும் எனக்கு வீட்டைத் தந்திட்டு அதே குசினியில நெஞ்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தா. வாயு எண்டு இஞ்சி அவிச்சிக் குடுத்தனான். மௌத்தாகும் வரைக்கும் என்ன உம்மா எண்டு ஒருக்காக்கூடக் கேக்கல்ல, மிஸ்." சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் நஸ்ரியா ஓடிவந்தாள். "உம்மா, வீடு எழுதுற அண்டைக்கு எந்தச் சாரி உடுக்கிற?"

நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்தத் தடவை அதற்குப் பெயர் தெரியும். லைலா மூச்சை மெல்ல விட்டாள்.

"எனக்குக் கோவமா இருக்கு, மகள். முன்னறைய விட்டுட்டுப் போக எனக்கு ஏலாது."

நஸ்ரியா "உம்மாக்கு வாயுதான்" என்று இஞ்சி அவிக்கத் திரும்பினாள்.

லைலா அவள் கையை எட்டிப் பிடித்தாள்.

"இஞ்சி வேணாம். இந்தக் கதிரையில இரி. நான் சொல்றதக் கேளு."