செவலை வந்த நாள்

நேற்று எங்கள் அடுக்குமாடி வீட்டு பால்கனிக்கு வலை கட்ட ஓர் ஆள் வந்திருந்தார். புறா நுழையாமல் இருப்பதற்கு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வலையில் ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாத முதல் ஆளும் நான்தான். அதனால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். வலை வேண்டும் என்று கேட்டது அம்மா. ஏசி பெட்டிக்குப் பின்னால் புறா குச்சி கொண்டுவந்து வைப்பதைப் பார்த்ததிலிருந்து அவள் பால்கனிப் பக்கமே போகவில்லை. அந்த ஆள் குச்சிகளை வழித்து எடுத்தபோது எச்சத்தின் கார வாடை எழுந்தது. உங்களுக்கு அது அருவருப்பாக இருக்கலாம். எனக்கு அது அப்பாவின் சட்டை வாடை.

அப்பா தோணியில் தண்டல். தோணி என்றதும் துடுப்பு போடுகிற சின்னப் படகை நினைத்துவிடாதீர்கள். வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போகிற பெரிய மரக்கலம் அது. அதை நடத்திப் போகிறவர் தண்டல். கரையில் இருக்கும் நாட்களில் அப்பா மொட்டைமாடியை விட்டு இறங்க மாட்டார். வாடகை வீட்டு மாடியில், சரக்குப் பெட்டிப் பலகைகளால் கூண்டு அடித்து, எங்கே கொண்டுபோய் விட்டாலும் கூண்டுக்கே திரும்பி வருகிற ஹோமர் புறாக்கள் வளர்த்தார். கம்பும் சோளமும் கொண்டைக்கடலையும் கலந்த தீனி. கூடவே சிப்பி ஓட்டை இடித்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் முட்டைக்கு ஓடு கெட்டிப்படாது. அவர் கடலுக்குப் போனதும் இந்த ஊழியம் முழுக்க அம்மா தலையில் விழும்.

"பெத்தது ஒண்ணு. பீ அள்ளுதது இம்புட்டுக்கும்" என்று கூண்டைச் சுரண்டிக்கொண்டே கத்துவாள்.

"ஏளா, இதுகளாவது சொன்ன பேச்சக் கேக்கும்" என்பார் அப்பா.

ஒவ்வொரு பயணத்திலும் ஒரு புறாவைச் சின்னக் கூட்டில் வைத்துக் கொண்டுபோவார். பெரும்பாலும் செவலையை. செம்மண் நிறம், சண்டைக்காரன், என் விரலைக் கொத்தாமல் தீனி எடுத்ததில்லை. திரும்பி வரும்போது, கரைக்கு ஒரு பகல் ஓட்டம் இருக்கையில், காலையில் அதைப் பறக்கவிடுவார். மதியத்துக்குள் புறா வரும். பொழுது அடைய அப்பா வருவார். செல்போன் இல்லையா என்பீர்கள். இருந்தது. கரை கண்ணில் பட்ட பிறகுதான் அதில் சிக்னல் கோடு ஏறும். செவலை கைப்பிடிச் சுவரில் இறங்கியதும் அம்மா என்னைக் கறிக்கடைக்கு விரட்டிவிட்டுக் குசினிக்குள் நுழைந்து உலை வைப்பாள். மீனே தின்று நாக்கு செத்து வருகிற மனிதருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. எங்கள் வீட்டில் அந்தப் புறாவுக்கு ஒரே அர்த்தம்தான்: உலையை வை, வந்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. செவலை வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தொப்பலாக நனைந்திருந்தது.

"என்ன ரோஸ்லி இப்படிப் பாக்க? மழையில எங்கயாம் ஒதுங்கியிருக்கும்" என்றாள் அம்மா, பக்கத்து வீட்டு ரோஸ்லி அத்தையிடம். "அவிய விடியக்காலம் வந்துருவாவ."

கறிக் குழம்பு வைத்தாள். விடிந்ததும் சூடாக்கினாள். வெயில் ஏறியதும் இன்னொரு தடவை சூடாக்கினாள். மதியம் வாசலில் வந்து நின்றது தோணியில் வேலை செய்த மிக்கேல் மாமா. யாருடைய சட்டையையோ போட்டிருந்தார்.

"தோணி முங்கிட்டு மைனி. மீனுக்குப் போன போட்டுக்காரனுவதான் எங்களத் தூக்குனானுவ."

"அவிய?"

"தேடுதாவ மைனி."

அம்மா அழவில்லை. "கூட்டத் தொறந்தது யாரு?" என்று கேட்டாள்.

"அண்ணன்தான். நாங்க மிதவையில குதிச்சாச்சு. வாங்கண்ணன்னு கத்துதோம். அதுவும் உசுருதானலேன்னுட்டுக் கூட்டத் தேடிப் பொறத்தால போனாவ. அப்புறம் புறாதான் மேல வந்துச்சு."

"அது வந்தா நான் ஒல வைப்பேன்னு அவியளுக்குத் தெரியும்லா? தெரிஞ்சுமா விட்டாவ?"

  அந்த நேரத்தில் அப்பாவுக்கு உலை ஞாபகம் வந்திருக்காது. ஒருவேளை வந்திருந்தால் என்று யோசனை போகும். அதை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

உடல் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே கோயிலில் பூசை நடந்தது. மற்றப் புறாக்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். செவலைதான் போக மறுத்தது. புதுக்கோட்டைக்குக் கொடுத்தோம், கொண்டுபோய் விட்டவர் பஸ் ஏறித் திரும்புவதற்குள் அது மாடிக்கு வந்திருந்தது. கயத்தாறில் ஒருவர் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார். திறந்த அன்றே வந்துவிட்டது. அது சுவரில் இறங்குகிற படபடப்பு கேட்டதும் அம்மாவின் கை தன்னால் அரிசிப் பானைக்குள் போகும். அள்ளியதைப் பாதியில் விட்டுவிட்டுக் குசினித் தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

"கழுத்தத் திருவிப் போட்டுருதேன் மைனி" என்றார் மிக்கேல் மாமா.

"அவிய கை கடைசியாத் தொட்டது அதத்தான்லே" என்றாள் அம்மா.

வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொல்லவும் முடியவில்லை. புறா ஆளைத் தேடி வராது, இடத்தைத் தேடித்தான் வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதனால் நாங்கள் வீடு மாறினோம். கொஞ்ச நாள் அது காலி மாடியில் உட்கார்ந்திருந்ததாம். அதைச் சொல்ல வந்த ரோஸ்லி அத்தையை, "இனிமே அதப் பத்தி வாயத் தொறக்காத" என்று அம்மா நிறுத்திவிட்டாள். அப்புறம் அது என்ன ஆயிற்றோ, தெரியாது.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. தோணிகளும் குறைந்துபோயின. புறாவோடு கடலுக்குப் போகிற தண்டல் யாரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. வருகிற ஆளுக்கு முன்கூட்டியே உலை வைக்கிற பழக்கமும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஆபீஸ் முடிந்து கிளம்பும்போதே போன் செய்துவிடுவேன், "சரிய்யா" என்பாள். நான் வந்து, செருப்பைக் கழற்றி, குசினி வாசலில் முகத்தைக் காட்டிய பிறகுதான் அம்மா அரிசி களைவாள். சோறு வேகும்வரை பசியோடு உட்கார்ந்திருப்பேன்.