வேன் மாமா சொல்லாமல் விட்ட முகவரி

குழந்தைகள் நலத் துறையில் முப்பத்தொரு வருஷம் வேன் ஓட்டியவர் அவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அல்லது வீடு சரியில்லை என்று அதிகாரிகள் முடிவுகட்டிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் காப்பகத்தில் இறக்கிவிடுவது வேலை. அதிகாரி அம்மா கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார்; பிள்ளை பின்னால். சீட்டின் ரெக்சின் கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்க்காத பிள்ளையே கிடையாது. எல்லோருக்கும் அவர் வேன் மாமா.

அழுகிற பிள்ளையைச் சமாளிக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சனிக்கிழமை மாமா வந்து திரும்பக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிடுவார். அழுகை நின்றுவிடும். எந்தச் சனிக்கிழமை என்று ஒரு பிள்ளைகூடக் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பொய் அவரைப் பிடித்துக்கொண்டது. மகளின் காரில் போனாலும் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னால் யாருமில்லை என்று மகள் சொல்வாள். அது அவருக்கும் தெரியும், ஆனாலும் பார்ப்பார். சனிக்கிழமைகளில் சாப்பாட்டைத் தொடமாட்டார். வாயுக் கோளாறு என்று மனைவி மாத்திரை வாங்கி வைத்தார். வீட்டில் எதற்கெடுத்தாலும் வாயுதான்.

ஒரு நாள் காலையில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணொருத்தி வாசலில் வந்து நின்றாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. கையில் துறையின் கடிதம்: சின்ன வயதில் அவளைக் காப்பகத்தில் சேர்த்த கோப்பு கிடைக்கவில்லை. காப்பகத்தை நடத்திய சங்கம், மூடும்போதே கோப்புகளை நல வாரியத்திடம் கொடுத்துவிட்டோம் என்றது. வாரியத்தைக் கலைத்தபோது எல்லாம் துறைக்குப் போய்விட்டது என்றார் அதன் பழைய செயலர். வந்ததற்குப் பதிவே இல்லை என்றது துறை. நாலு வருஷம் பந்தாடிய பிறகு, ஒரு குமாஸ்தா மனமிரங்கி, பழைய டிரைவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்.

"எனக்கு அப்ப நாலு வயசு மாமா. கீழே தையல் மெஷின் சத்தம். வெளியே இரும்புப் படி. எங்க வீட்டைப் பத்தி வேற எதுவும் ஞாபகமில்ல."

அவருக்கு எல்லாம் ஞாபகமிருந்தது. தெரு, படி, மேலே ஒற்றை அறை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய். தெரியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்ததோ, நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்ற சொல்.

மறுநாள் பஸ்ஸில் போனார்கள். தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. நடத்துகிறவர் அந்தத் தையல்காரரின் மகன். மேலே இருந்த அம்மாவைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். வீட்டை மாற்றினால் மகள் வரும்போது வழி தெரியாமல் போய்விடும் என்று ரெண்டு வருஷம் அங்கேயே இருந்தாளாம். பிறகு நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டதாம்.

மேலறையில் இப்போது அட்டைப்பெட்டிகள். அவள் அவற்றுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். படியில் இறங்கும்போது கேட்டாள்.

"எங்கம்மா என்னைத் தேடவே இல்லையா?"

"என்கிட்டதாம்மா வந்தாங்க," என்றார் அவர்.

அந்தத் தாய் வண்டி ஷெட்டுக்கு வந்திருக்கிறாள். எந்தக் காப்பகம் என்று மட்டும் கேட்டிருக்கிறாள். பெற்றவர்களிடம் முகவரி சொல்லக் கூடாது என்று வாரியத்தின் சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. நான் வெறும் டிரைவர், எனக்கென்ன தெரியும் என்று அனுப்பிவிட்டார். காப்பகம் ஆறு கிலோமீட்டர்தான். நடந்தே போயிருப்பாள்.

"எத்தனை தடவை வந்தாங்க?"

"மூணு. மூணாவது தடவை ரிப்பேர் பாக்குற மாதிரி வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். அவங்க காலு மட்டும் தெரிஞ்சுது. ரொம்ப நேரம் அங்கயே நின்னாங்க."

அவள் கைப்பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவரை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தாள். குரலில் சூடுமில்லை, ஈரமுமில்லை. "என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் தேடுறாங்களோ. ஞாபகம் இருக்கறதை எல்லாம் எழுதிக் குடுங்க."

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் துறையின் ஆவண அறைக்குப் போய் எழுதுகிறார். இதுவரை அறுபத்து நாலு பிள்ளைகள். தெரு, வீடு, வாசலில் நின்றது யார், பிறகு ஷெட்டுக்கு யார் தேடி வந்தார்கள், தான் அவர்களை என்ன சொல்லி அனுப்பினார் என்பதுவரை. கடைசி விவரத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்றாள் அங்கிருக்கும் இளம் அதிகாரி. அவர் பின்பக்கத்தில் எழுதுகிறார். அதை வைத்து ரெண்டு பேர் தங்கள் வீட்டாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் மறுபடி வரவில்லை.

அழாமல் வந்த பிள்ளைகளிடம் வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. தொல்லையில்லாத பிள்ளை என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த முகங்கள் எதுவும் அவருக்கு ஞாபகமில்லை.