அவள் குரலுக்கு வைத்த மைக்

என் வீட்டுக்காரரின் தங்கை மேடைக் கச்சேரிகளில் பாடுகிறவள். அவளுக்குத் துணையாகப் போகிறவள் நான். எங்கள் பக்கம் பாடப் போகிற பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அம்மாவோ, அக்காவோ, அண்ணன் பெண்டாட்டியோ கூடப் போய், மேடைக்குப் பின்னால் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். சங்கீதம் தெரியாது, பயப்படத் தெரியும். அருப்புக்கோட்டையில் வேன் கிளம்பும்போதே டயர் வெடிக்குமோ என்று ஆரம்பிப்பேன். கூட்டத்தில் எவனாவது குடித்துவிட்டு மேடை ஏறுவானோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரும் ஏறாவிட்டால், ஏன் இன்னும் ஏறவில்லை என்று அதற்கும் பயப்படுவேன்.

கச்சேரி பேச வருகிற விழாக் கமிட்டிக்காரர்கள் முதலில் கேட்பது, "எத்தன பொண்ணு வரும்?" எத்தனை லைட்டு, எத்தனை ஸ்பீக்கர் பாக்ஸ் என்று கேட்பார்களே, அதே குரல்தான். அடுத்தது, "பாக்க நல்லா இருக்குமா?" எப்படிப் பாடும் என்று ஒருவரும் கேட்டு என் காதில் விழுந்ததில்லை. நோட்டீசில் ஆண்களுக்குப் பட்டமும் பெயரும் இருக்கும். பெண்கள் எல்லாரும் சேர்ந்து 'மற்றும் பாடகிகள்'.

குழுவின் ஓனரே பாடகர். ஜோடிப் பாட்டுகளில் ஆண் குரல் எப்போதும் அவர்தான். போன மாசியில் ஒருநாள் அவர் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சொன்னார்: "தங்கச்சி, வர்ற பங்குனிப் பொங்கல் கச்சேரியோட நிறுத்திக்கிருவோம். ஒன் குரலு கிறீச்சுங்குதுன்னு போற ஊர்லயெல்லாம் சொல்லுறாக. விருதுநகர்ல ஒரு சின்னப் புள்ள இருக்கு, பாக்கவும் நல்லா இருக்கு. வாரேங்குது."

அவளுக்கு முப்பத்தாறு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போனபின் பாட்டு ஒன்றுதான் அவளுடையது என்று இருந்தது. ஓனர் போனதும் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். எனக்குத்தான் ஆறவில்லை. ஏனென்றால் அவள் குரல் கிறீச்சிடாது. வீட்டில் அவள் பாடினால் அடுப்பில் பால் இருப்பதைக்கூட மறந்து நிற்பேன். நானே மறக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மதினி, கோளாறு என் தொண்டையில இல்ல. மைக்குல" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது. கச்சேரி அன்று மதியமே ஆண்கள் போய் மைக்கைச் சரிபார்ப்பார்கள். மைக் செட்காரர் ஒவ்வொருவரையும் பேசச் சொல்லி, பாடச் சொல்லி, அவரவர் குரலுக்குத் தக்கபடி மிக்சர் பெட்டியில் திருகிவைப்பார். பெண்களை அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்கள். வெளிச்சத்தில் பெண் மேடை ஏறி நின்றால் கூட்டம் கூடிவிடும், ராத்திரிக்கு மவுசு போய்விடும் என்பது வழக்கம். பொழுது சாய்ந்து, எங்கேயாவது ஒரு வீட்டில் பவுடர் பூசி, நேராக மேடைக்குக் கொண்டுவருவார்கள். அதனால் பெண்களின் மைக்கிலும் ஒரு ஆம்பிளைதான் 'செக் செக்' என்று பேசிவைத்திருப்பான். அவன் கட்டைக் குரல் இரையாமல் இருக்க அடிச்சத்தத்தைக் குறைத்து, கூர்மையைக் கூட்டுவார்கள். அதில் போய் இவள் பாடினால் காது கிழியத்தானே செய்யும்? பத்து வருஷமாக அடுத்தவன் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நான் மதியமே போறேன்" என்றாள்.

"ஐயையோ. வெயில்ல தனியா மேடையில நின்னா நாலு பேரு நாலு சொல்லுவாக."

"நாலு பேருதான மதினி. ராத்திரி நானூறு பேரு சொல்லுறாக."

பங்குனிப் பொங்கலுக்குத் திருச்சுழிக்குப் பக்கத்து ஊர். பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். கரிசல் பிளந்து கிடந்தது. கருவேலம் புதரில்கூட நிழல் இல்லை. அவள் வீட்டுச் சேலையோடு, முகத்தில் வேர்வையோடு மேடை ஏறினாள். குழு ஆண்கள் தங்கள் மைக்கைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். மைக் செட்காரர் சின்ன வயசு, மிரண்டுவிட்டார்.

"அக்கா, ஓனர் வந்தா ஏசுவாரு."

"என்னையத்தான ஏசுவாரு. நீ திருகு தம்பி."

வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் கத்தினார்: "என்னப்பா, மேக்கப்பு இல்லாமயே எறக்கிட்டீங்களா?"

அதற்குள் மைக்குக்கு உயிர் வந்திருந்தது. அவள் அதிலேயே பதில் சொன்னாள். நாலு பாக்ஸிலும் ஊருக்கே கேட்டது. "வெயிலு எல்லாரையும் ஒண்ணாத்தான் காட்டும்ணே. நீங்களும் மேக்கப்பு இல்லாமத்தான உக்காந்திருக்கீக!"

அவர் கூட்டாளிகளே சிரித்துவிட்டார்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தது அதைவிடப் பெரிதாகக் கேட்டது. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கல் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன்.

பிறகு அவள் வெறுமனே ஒரு ஹம்மிங் எடுத்தாள். முதலில் கிறீச்சென்றது. கையைக் காட்டினாள், அவர் திருகினார். மறுபடி எடுத்தாள். மறுபடி கை காட்டினாள். அப்புறம் ஒரு தடவை எடுத்தபோது, நான் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்படியில் நான் கேட்கிற அதே குரல்தான். ஆனால் வானம் மட்டுக்கும் பெரிதாகி நின்றது. கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகள் தலை தூக்கின என்று எழுத ஆசைதான். அவை மேய்ந்துகொண்டுதான் இருந்தன. மனிதர்கள்தான் நின்றார்கள். பந்தல் கட்டுகிறவர் ஏணியின் மேலே வாயில் கடித்த கயிற்றை எடுக்காமல் பார்த்தார். நிரம்பிய குடத்திலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது. தண்ணீருக்குச் சண்டை போடுகிற ஊர் அது. ஒருத்தியும் குடத்தை நகர்த்தவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எதைப் பற்றியும் பயமில்லை. அப்படி இருந்ததாக எனக்கு வேறு ஞாபகம் கிடையாது.

சாயங்காலம் ஓனர் திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டு அவர் முகம் சுருங்கியது. சாமி பாட்டு முடிந்து அடுத்தது ஜோடிப் பாட்டு. அதற்குமுன் அவள் மைக்கை எடுத்து ஒரு வார்த்தை பேசிப்பார்த்தார். அவர் குரல் அதில் இடி மாதிரி கும்மென்று விழுந்தது. "அட, இது நல்லா இருக்கே" என்று அதை வைத்துக்கொண்டு, தன் மைக்கை அவள் கையில் திணித்தார்.

அந்தப் பாட்டு அவள் ஹம்மிங்கில்தான் தொடங்கும். வாத்தியம் முன்இசையை வாசித்து முடித்து, அவளுக்காக நின்றது. அவள் வாயைத் திறக்கவில்லை. வாசிக்கிறவர்கள் மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். அப்போதும் இல்லை. அவர் கொடுத்த மைக்கைத் தாழ்த்திப் பிடித்து, இன்னொரு கையை அவர் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன, அக்காவுக்குப் பாட்டு மறந்துபோச்சா?" என்று கூட்டத்தில் விசில்.

ஓனர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்தார். "பாடும்மா. ஊரு பாக்குது."

"என் மைக்கக் குடுங்கண்ணே."

எனக்கு எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. முடிந்தது, இனி எந்த மேடையும் இல்லை, வீட்டுக்கு எப்படிப் போவது, அவள் அண்ணனிடம் என்ன சொல்வது. மேடைக்குப் பின்னாலிருந்து "இருக்குறத வச்சுப் பாடிரு தாயி" என்று கெஞ்சினேன். அவளுக்குக் கேட்டிருக்கும். நீட்டின கை ஆடவில்லை. பத்து வருஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு உயரமானவள் என்று அப்போதுதான் பார்த்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். குழாயடியில் நின்றவளாக இருக்கலாம். "ஏய்யா, அவுக மைக்க அவுககிட்டக் குடுங்க! மத்தியானம் கேட்டோம்ல, எப்படி இருந்துச்சு!" பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர், "குடுங்க, குடுங்க" என்றார்கள். ஆண்கள் யாரோ ஏதோ சொல்ல, "ஒனக்கென்னடா தெரியும், பேசாம இரு" என்று ஒரு குரல் அடக்கியது.

ஓனர் கொடுத்தார். கொடுக்காமல் பாட்டை எப்படித் தொடங்குவது?

அவள் பாடியபோது விசில் நின்றுவிட்டது. கிறீச்சென்று ஒரு இடம்கூட இல்லை. கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளை இதுவரை வெறுமனே பார்த்தவர்கள், அன்றுதான் கேட்டார்கள்.

மறுநாள் காலையில் ஓனர் போன் செய்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்து மல்லாங்கிணறு" என்றார். குரலில் ஒரு முறுக்கு இருந்தது. "எப்ப வார?"

"மதியமே வாரேன்ணே."

ஓனர் அடுத்ததைச் சொன்னார்: "விருதுநகர்ப் புள்ளையும் வருது. அதுகிட்டப் பேசினது பேசினதுதான். அது மைக்கையும் நீயே சரிபாத்து வச்சிரு."

"அது அளவு எனக்கெப்படிண்ணே தெரியும்? அந்தப் புள்ளயவும் மதியமே வரச் சொல்லுங்க" என்றாள்.